சுமலதா மாட்டாத வீல்

சுமலதா மாட்டிய வீல் கழன்று ஓடியதால்தான் இளவரசனின் கார் புளியமரத்தில் மோதியது என்று செஞ்சி கூட்டு ரோட்டிலிருந்து மார்க்கெட் வரைக்கும் பேசினார்கள். வீல் கழலவே இல்லை. கழலாத அந்த வீலைச் சுமலதா மாட்டவும் இல்லை. ஆனால் அவள் பனமலையிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்குவதற்குள் அந்தப் பேச்சு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து, உண்மையாகவே ஆகிவிட்டிருந்தது.

திருவண்ணாமலை ரோட்டில் ராஜகிரி மலை முழுசாகத் தெரிகிற இடத்தில் இருந்தது சுமலதாவும் புருஷன் வீரமணியும் நடத்திய டயர் கடை. தகரக் கொட்டகை, ஒரு கம்ப்ரசர், இரண்டு ஜாக்கி, டயர் கழற்றுகிற மிஷின் ஒன்று, பேலன்சிங் பார்க்கிற மிஷின் ஒன்று. போர்டில் 'வீரமணி டயர்ஸ்' என்றுதான் எழுதியிருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிப்பரின் ஜாக்கி சரிந்து வீரமணியின் வலது கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. ஒன்பது மாதம் கட்டிலில் கிடந்தான். அந்த ஒன்பது மாதமும் கடையை ஒருநாள் கூட மூடாமல் வைத்திருந்தவள் சுமலதா. முதலில் பஞ்சர் ஒட்டினாள். பிறகு லாரி டயரைச் சம்மட்டியால் அடித்துக் கழற்றினாள். பன்னிரண்டாவது வரை படித்தவள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்கள் ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டாள். புருஷன் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகும் அவள் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. பேலன்சிங் மிஷின் வாங்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்று வாங்கவைத்ததும் அவள்தான். டிப்பர் டிரைவர்கள் வண்டியை நிறுத்தியதும், "அக்கா, கொஞ்சம் பாரு" என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கார் கடைக்கு வந்தது சித்திரை வெயிலில். கோட்டை மலைப் பாறைகள் காலையிலிருந்து குடித்த வெயிலை மத்தியானத்துக்கு மேல் ரோட்டின் மேல் திருப்பித் துப்பிக்கொண்டிருந்த நேரம். இளவரசன் ஓட்டி வந்து நிறுத்தினான். ஜல்லி கிரஷரும் நாலு டிப்பரும் வைத்திருக்கிற தங்கராஜின் ஒரே மகன். இரண்டாயிரத்து நாலாம் வருஷத்து லான்சர் கார், வெள்ளி நிறம். கோயம்புத்தூரில் ஒருவரிடம் பிடித்து வாங்கியிருந்தான்.

"ஸ்கூல் படிக்கும்போதுலருந்து ஆசைண்ணே" என்று வீரமணியிடம் சொன்னான். "கார் ரேஸ், ரேலில ஓடுன வண்டி இது. இப்ப வர்ற வண்டியெல்லாம் இது பக்கத்துல நிக்காது. வீலுதான் பாக்க சப்பையா இருக்குது. அத மாத்திப்புட்டா போதும்."

பின்னாலேயே ஒரு மினி லாரியில் நாலு அலாய் வீல்கள் வந்து இறங்கின. கறுப்பு நிறம், விளிம்பில் சிவப்புக் கோடு. டயரும் அதோடு சேர்ந்தே இருந்தது. போனில் படம் பார்த்து, பெங்களூர்க்காரன் ஒருவனிடம் செகண்ட்ஸில் வாங்கியது.

சுமலதா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து குந்தினாள். ஒரு டயரைச் சுற்றி விரலை ஓட்டிப் படித்தாள்.

"இது பதினேழு இஞ்சு. வண்டில வந்தது பதினாலு" என்றாள். "டயரு சைஸு எரநூத்திப் பதினஞ்சுக்கு நாப்பத்தஞ்சு. மொத்த உயரத்துல மூணு சென்டி ஏறிடும் இளவரசா. காலி வண்டில ஒண்ணும் தெரியாது. பின்னாடி மூணு பேரு குந்திப் பள்ளத்துல எறங்குச்சின்னா மட்கார்டு ஓரம் டயர உரசும். உரசி உரசி அறுத்துரும்."

"அண்ணே, இன்னா அண்ணி இவ்ளோ கணக்குப் போடுது?" என்று இளவரசன் வீரமணியைப் பார்த்துச் சிரித்தான்.

"பதினஞ்சு இஞ்சு வீல் எடு" என்று அவள் விடவில்லை. "நூத்தித் தொண்ணுத்தஞ்சுக்கு அம்பத்தஞ்சு டயர் போடு. பழைய உயரம் அப்டியே நிக்கும். கம்பெனில வந்தத விட அகலம், திருப்பத்துல நல்லாப் பிடிக்கும். பள்ளத்துல அடி வாங்க ரப்பரும் இருக்கும். வேகமாப் போற வண்டின்னு சொல்றியே, வேகத்துக்கு அதுதான் சரி. இது பாக்கறதுக்குத்தான் சரி."

"பாக்கறதுக்குத்தான அண்ணி வாங்குனேன்."

அவள் டயரை இன்னும் கொஞ்சம் உருட்டினாள். ஒரு ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் நாலு எண்கள் இருந்தன. "முப்பத்தொண்ணு பதினஞ்சு. ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல, முப்பத்தோராவது வாரத்துல செஞ்ச டயரு. பத்து வருஷம் ஆவுது. மேல பட்டன் தேயலன்னு பாக்காத. பக்கத்துல பாரு, முடியாட்டம் வெடிப்பு."

"அது ஓடவே இல்லண்ணே" என்றான் இளவரசன், மறுபடியும் வீரமணியிடமே. "ஷோவுக்கு நிக்க வெச்சிருந்தாங்க."

"ஓடுனாதான் ரப்பருக்கு வயசாவும்னு யாரு சொன்னது?" என்றாள் சுமலதா. "சும்மா வெயில்ல கெடந்தாலும் காஞ்சி போவும். நான் இத மாட்ட மாட்டேன். பதினஞ்சு இஞ்சு வாங்கிட்டு வா, நானே மாட்டித் தர்றேன்."

இளவரசன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டான். "அண்ணே, ஒண்ணு கேக்கறேன். கடை உன்னுதா, அண்ணிதா?"

வீரமணி சிரித்தான். சுமலதாவுக்குச் சுருக்கென்றது. அவன் கட்டிலில் கிடந்த ஒன்பது மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு அவள் பனமலைக்குப் போக வேண்டியிருந்தது. தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பும்போது, "அத மாட்டாதய்யா" என்றாள்.

"சரி போ, நான் பாத்துக்கறேன்" என்றான் வீரமணி.

அவள் பஸ் ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் நாலு வீலையும் மாட்டி முடித்துவிட்டான்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இளவரசன் குடும்பத்தோடு விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினான். முன் சீட்டில் சீர்வரிசைத் தட்டுகள். பின் சீட்டில் அவன் மனைவி கலைவாணி, ஆறு வயது மகள் ரஞ்சனி, கலைவாணியின் அம்மா, சித்தி. மண்டகப்பட்டைத் தாண்டியதும் பின்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் பக்கவாட்டில் மோதி நின்றது. கலைவாணிக்கு இடது கை ஒடிந்தது. குழந்தைக்கு உதடு கிழிந்து ஐந்து தையல். பெரியவர்கள் இருவருக்கும் ஊமை அடி. ஓட்டியவனுக்கு ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் சுமலதா பஸ்ஸை விட்டு இறங்கியபோது, கடைக்குப் பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கும் சாமுண்டீஸ்வரி இட்லிப் பானையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"ஏண்டி சுமா, நட்ட சரியா இறுக்கலியா நீ?"

"எந்த நட்ட?"

"இளவரசன் காரு. நீதான மாட்டுன?"

"நான் ஊர்லயே இல்லக்கா. யாரு சொன்னது?"

சாமுண்டீஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்தாள். "உன் வூட்டுக்காரன்தான். ஞாயித்துக்கெழம சாயங்காலம் தங்கராஜு வந்து எந்தப் பய மாட்டுனான்னு கத்துறாரு. ரோடே நின்னு பாக்குது. இவன் கைய கட்டிக்கினு, 'நான் சாப்புட போயிருந்தேன், வூட்ல இருக்கறவதான் பாத்தா'ன்றான். என் காதால கேட்டேன். அதுக்கு அவரு, 'பொம்பளய இரும்புகிட்ட வுட்டா இப்டித்தான் ஆவும். இனிமே அவ ஸ்பேனர தொட்டா என் வண்டி ஒண்ணுகூட இந்தப் பக்கம் வராது'ன்னாரு. சரிங்கன்னுட்டான்."

"சரின்னுட்டானா?"

"சரிங்கன்னான். மரியாதையாத்தான் சொன்னான்."

வீட்டில் வீரமணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேழ்வரகுக் களியும் முதல்நாள் கருவாட்டுக் குழம்பும். அவள் வந்து நின்றதைப் பார்த்ததும் களி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"நான் மாட்டுனனா?" என்றாள்.

"குந்து, சொல்றேன்."

"நின்னுக்கினே கேக்கறேன். நான் மாட்டுனனா?"

"அந்தாளு அடிக்க வந்துட்டான் சுமா. பின்னாடி நாலு டிரைவருங்க. பொம்பளன்னா கைய வெக்க மாட்டாங்க, பேசிட்டுப் போயிடுவாங்கன்னு வாயில வந்துச்சி. நான்னு சொல்லியிருந்தா அங்கயே காலப் போட்டு ஒடிச்சிருப்பாங்க. ஏற்கெனவே ஒடிஞ்ச காலு."

"ஒடிச்சிருக்கட்டுமே. மொத தடவ ஒடிஞ்சப்ப நான் பாக்கலியா?"

அவன் தட்டை ஓரமாகத் தள்ளினான்.

"மாட்டாதன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்ன."

"ஏன் மாட்டாதன்னும் சொன்னனா இல்லியா?"

"சொன்ன. இப்ப இன்னா, நாலு டிப்பரு, மாசத்துக்கு ஆறு டயரு, அத வுட்டுட்டு இன்னா பண்றது? ஒரு மாசம் நீ வூட்லயே இரு. சூடு ஆறிடும். ஜனங்க மறந்துருவாங்க."

"அந்தக் கொழந்த ஒதட்டுல அஞ்சு தையலு. அதப் பாக்கறப்பல்லாம் அதும் அம்மா என்னையத்தான் நெனப்பா. எப்டி மறப்பாங்க? நீ பண்ணது தப்பு. அது கூடப் பரவால்ல, தப்பு எல்லாரும் பண்றதுதான். என் மேல எழுதிவெச்சிட்டு வந்து களி துன்னுற பாரு, அத இன்னான்னு சொல்றது?"

அவள் வீட்டில் அடங்கி இருக்கவில்லை. மறுநாள் எட்டு மணிக்கே கடைக்கு வந்து கம்ப்ரசரைப் போட்டாள். ஒன்பது மணிக்கு மணிலாக் கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் பஞ்சராகி நின்றது. மூன்று வருஷமாக வருகிற டிரைவர். அவள் ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனதும், "அண்ணன் இல்லியாக்கா?" என்றான். "வரட்டும், நான் டீ சாப்புடறேன்."

"பஞ்சருதானப்பா?"

"இருக்கட்டும்க்கா. லோடு வண்டி." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ஜாக்கியைத் திரும்பத் தூக்கி வந்து கொட்டகையில் வைத்தாள். அந்த லாரியின் ஆறு டயரும் அவள் கையால் மாட்டியவை. அதே டயரில் அவன் சென்னை போய் வந்திருக்கிறான், சேலம் போய் வந்திருக்கிறான்.

மத்தியானம் அவள் திண்டிவனம் ரோட்டில் இருந்த தங்கராஜின் டிப்பர் ஷெட்டுக்கு நடந்தே போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஷெட்டில் யாரும் இல்லை. பக்கத்திலேயே வீடு. கார் ஒரு ஓரத்தில் இடதுபக்கம் நசுங்கி நின்றுகொண்டிருந்தது. வெடித்த டயர் கந்தலாகத் தொங்கினாலும் வீல் அதன் இடத்திலேயே இருந்தது. நாலு நட்டும் இருந்தன. ஒவ்வொன்றையும் விரலால் அசைத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. மல்லாந்து படுத்து மட்கார்டுக்கு உள்ளே பார்த்தாள். உள் ஓரத்தில் பெயின்ட் ஒரு சாண் நீளத்துக்குப் போய் இரும்பு பளபளவென்று இருந்தது. அதன்மேல் கறுப்பாகத் தீய்ந்த ரப்பர் அப்பியிருந்தது. அவள் சொன்ன இடம். சொன்ன மாதிரி.

"யாரு?"

கலைவாணி நின்றிருந்தாள். கழுத்தில் தூளி கட்டி மாவுக்கட்டுக் கை. அவள் பின்னால் குழந்தை ரஞ்சனி, மேலுதடு வீங்கிக் கறுத்துப்போய், கடித்துத் தின்ன முடியாமல் கிண்ணத்தில் கரைத்த சோற்றை வைத்துக்கொண்டிருந்தது.

சுமலதா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "டயர் கடை சுமலதா."

கலைவாணியின் முகம் இறுகியது. "இன்னும் இன்னா பாக்க வந்த?"

"நான் மாட்டலம்மா. மாட்ட மாட்டேன்னு சொல்லிட்டு பனமலைக்குப் போயிட்டேன். நீ நம்ப வேணாம். இங்க வந்து குனிஞ்சி பாரு, போதும்."

கலைவாணி உடனே வரவில்லை. பிறகு குழந்தையைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒடியாத கையைக் காரின் மேல் ஊன்றிக் குனிந்தாள். சுமலதா காட்டினாள். நட்டுகளைக் காட்டினாள். "வீல் கழண்டுச்சின்னு சொல்றாங்களே, எங்க கழண்டுச்சி?" தேய்ந்த இரும்பைக் காட்டினாள். "டயரு பெருசு. நீங்க நாலு பேரு பின்னாடி குந்துனதும் வண்டி எறங்கி, இது டயர உரசியிருக்குது. பத்து வருஷத்து ரப்பரு வேற. எம்மாந்தூரம் தாங்கும்?"

கலைவாணி அந்தத் தீய்ந்த ரப்பரை விரலால் தொட்டு மூக்கின் அருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள்.

"இந்த வாசன வந்துச்சி" என்றாள். "ஊரு தாண்டுனதுலருந்தே வந்துச்சி. ஏதோ தீயுதுங்க, நிறுத்திப் பாருங்கன்னேன். 'நீ சும்மா குந்தினு வா, உனக்கு இன்னா தெரியும்'னாரு. மறுக்காவும் சொன்னேன். பாட்டு சவுண்ட ஏத்திட்டாரு."

விரலில் ஒட்டிய கரியைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம்னு நீ சொன்னது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் கலைவாணி.

"அவரு மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னேன். எந்த சைஸு போடணும்னும் சொன்னேன்."

"வூட்ல வந்து ஒரு வார்த்த சொல்லல. தெனம் உன்னத் திட்டிக்கினுதான் சாப்புடறாரு." கலைவாணி நல்ல கையால் குழந்தையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "நீ போக்கா. நான் பாத்துக்கறேன்."

சுமலதா அந்த வார்த்தையை நம்பவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன ஒருவனைத்தான் அவள் கட்டியிருந்தாள்.

ஆனால் அவள் பனமலையிலிருந்து திரும்பிய பதினோராம் நாள் கார் கடைக்கு வந்தது. நசுங்கிய இடத்தைத் தட்டி, கோயம்புத்தூரில் வாங்கும்போது இருந்த பழைய பதினாலு இஞ்சு வீலை மாட்டி, இளவரசன் மெதுவாக ஓட்டி வந்தான். கலைவாணி காரில் வரவில்லை. பின்னால் ஆட்டோவில் குழந்தையோடு வந்து இறங்கினாள். அந்தக்கா டயர் எடுத்துக் கொடுக்காமல் நானும் குழந்தையும் அந்த வண்டியில் கால் வைக்க மாட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம். தங்கராஜும் டிப்பரில் வந்து சாமுண்டீஸ்வரி கடையில் டீ வாங்கிக்கொண்டு நின்றார். மருமகள் எதுவரைக்கும் போகிறாள் என்று பார்க்க வந்தவர் போல இருந்தது. பெஞ்சில் நாலைந்து டிரைவர்கள்.

இளவரசன் சுமலதாவைத் தாண்டிப் போய் வீரமணியின் முன்னால் நின்றான்.

"அண்ணே, இன்னா சைஸு போடலாம்? நீ சொல்லு."

வீரமணி ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு நாளாகச் சுமலதா அவனோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆக்கி வைத்தாள், அவன் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டான். அவன் டியூபை விட்டுவிட்டு நிமிர்ந்தான். தங்கராஜைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான். சுமலதாவைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றான். "அவளத்தான் கேக்கணும். அன்னிக்கே சொன்னா. நீயும் கேக்கல, நானும் கேக்கல. அவ ஊருக்குப் போனப்பறம் மாட்டுனது நானு."

சாமுண்டீஸ்வரி கிளாஸ் கழுவுவதை நிறுத்தினாள்.

"இன்னாடா ஒளர்ற?" என்றார் தங்கராஜ்.

"ஒளறலிங்க. நான்தான் மாட்டுனேன். நட்டெல்லாம் இறுக்கமாத்தான் இருந்துச்சி. டயருதான் தப்பு. தெரிஞ்சே மாட்டுனேன். பயத்துல அவ பேரச் சொல்லிட்டேன்."

தங்கராஜ் மகனைப் பார்த்தார். இளவரசன் தன் காரைப் பார்த்தான். "இவனுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டார். கலைவாணி, "தெரியும் மாமா" என்றாள். அவர் பாதி டீயை மண்ணில் ஊற்றிவிட்டு டிப்பரில் ஏறிப் போய்விட்டார். யார்மேல் கோபம் என்று சொல்லவில்லை. அடுத்த இரண்டு மாதம் அவருடைய டிப்பர்கள் அந்தக் கடைப்பக்கம் வரவில்லை. பிறகு வந்தவையும் இரண்டுதான்.

இளவரசன் தொண்டையைச் செருமினான். "சரி அண்ணி, சொல்லு."

"இன்னா சொல்ல?" என்றாள் சுமலதா.

"எந்த டயரு போடலாம்னு."

"மொதல்ல அந்தக் கொழந்தகிட்ட சொல்லு, நான் மாட்டலன்னு. பதினோரு நாளா அது என்னைப் பாத்தா ஆயா முந்தானைல ஒளியுது. மார்க்கெட்டுல பாத்தேன்."

அவன் முகம் சிவந்தது. மகளிடம் குனிந்து என்னவோ முணுமுணுத்தான்.

"எனக்குக் கேக்கல" என்றாள் சுமலதா.

"இவங்க மாட்டலம்மா" என்றான் இளவரசன், பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "அப்பாதான் தப்பான டயரு வாங்கிட்டேன்."

அதற்குப் பிறகுதான் அவள் காரின் பக்கத்தில் குந்தினாள். பதினைந்து இஞ்சு வீல், எடை குறைந்ததாக. நடு ஓட்டை இந்த வண்டியின் அச்சில் ஆடாமல் பொருந்துகிறதா என்று இங்கே கொண்டுவந்து காட்டிவிட்டு வாங்க வேண்டும். டயர் புதுசு, நூற்றுத் தொண்ணூற்றைந்துக்கு ஐம்பத்தைந்து. ஆறு மாதத்துக்கு முந்தின தேதி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நாலும் ஒரே கம்பெனி. ஒவ்வொன்றையும் அவள் கலைவாணியிடம் சொன்னாள். கலைவாணி ஒற்றைக் கையால் போனில் எழுதிக்கொண்டாள். இளவரசன் பக்கத்தில் நின்று கேட்டான், நடுவில் பேசவில்லை. நாலு நாளில் டயர் வந்தது. சுமலதா மாட்டி, பேலன்சிங் பார்த்து, பின் சீட்டில் நாலு டிரைவர்களைக் குந்தவைத்துப் பள்ளத்தில் இறக்கி ஏற்றிக் காட்டிய பிறகே வண்டியை விட்டாள்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்தும்போது சாமுண்டீஸ்வரி வேகவைத்த மல்லாட்டையை ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனாள். வீரமணி கடலையை உரித்து ஒரு கை நிறையச் சேர்த்து அவள் பக்கம் நீட்டினான். அவள் வாங்கித் தின்றாள். பசி.

"நான்தான் சொல்லிட்டனே எல்லாருக்கும் முன்னாடி" என்றான். "கோவம் போயிடுச்சா?"

"இல்ல."

"இன்னும் இன்னா பண்ணணும்ன்ற?"

"ஒண்ணும் பண்ண வேணாம். பதினோரு நாளு என்ன ஊரு திட்டுறத நீ குந்திப் பாத்துக்கினு இருந்த. அது ஒரே நாள்ல போவாது. இருக்கும். நீ அது கூடவேதான் இருக்கணும்."

அவன் தலையாட்டினான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் மல்லாட்டை உரிக்க ஆரம்பித்தான். சுமலதா எழுந்து, கம்ப்ரசரில் மீதியிருந்த காற்றைத் திறந்துவிட்டாள்.